காற்றுக்கு எல்லைக் கல் இல்லை

மரக்காணத்திலிருந்து புதுவைக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், தமிழ்நாட்டின் ஓரத்தில் இருக்கும் ஊர் கீழ்புத்துப்பட்டு. அதற்குத் தெற்கே கனகசெட்டிக்குளம் வந்தால் புதுவைப் பிரதேசம் வந்துவிடும். எல்லை என்று சொல்ல அங்கே மலையும் இல்லை, ஆறும் இல்லை. சாராய விலை மாறும். போலீஸ்காரர் தொப்பியின் நிறம் மாறும். சர்க்கார் ஆபீசின் பெயர்ப் பலகை மாறும். காற்று மட்டும் மாறுவதில்லை. பங்குனி, சித்திரையில் தெற்கிலிருந்து வீசும் காற்று காலாப்பட்டுப் பக்கத்துப் புகையையும் வாயுவையும் இந்தப் பக்கம் தள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலிருந்து வீசும் காற்று இந்தப் பக்கத்துப் புகையை அங்கே தள்ளும். எந்தக் காற்றும் எல்லையில் நின்று அனுமதி கேட்பதில்லை.

ஆனால் இந்தக் காற்றைக் காக்க வேண்டிய சர்க்கார் ஸ்தாபனங்கள் எல்லையோடு நின்றுவிடுகின்றன. வடக்கே தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம். தெற்கே புதுவை மாசு கட்டுப்பாட்டுக் குழுமம். நள்ளிரவில் மூக்கை அறுக்கும் நெடி வந்து கீழ்புத்துப்பட்டில் ஒரு குழந்தை இருமத் தொடங்கினால், அதன் தாய் யாரிடம் போய்ச் சொல்வாள்? ஆலை இருக்கும் இடத்து அதிகாரிக்கு இவள் ஊர் சம்பந்தமில்லாத ஊர். இவள் ஊர் அதிகாரிக்கு அந்த ஆலை சம்பந்தமில்லாத ஆலை. புகை எல்லை தாண்டும். புகார் மட்டும் தாண்டாது. இதுதான் இன்றைய நிலைமை. இந்த நிலைமையை மாற்ற வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

சட்டம் இல்லாமலா?

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. காற்று மாசு தடுப்புச் சட்டம் 1981லேயே வந்துவிட்டது. புகை விடும் எந்த ஆலையும் வாரியத்தின் இசைவாணை இல்லாமல் நடக்கக் கூடாது என்கிறது அதன் 21வது பிரிவு. மாசற்ற காற்றும் நீரும் அரசியல் சட்டத்தின் 21வது ஷரத்து தரும் உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 1991ல் சொல்லியிருக்கிறது. காற்றில் எது எவ்வளவு இருக்கலாம் என்று மத்திய வாரியம் 2009 நவம்பரில் ஒரு பட்டியல் வெளியிட்டது. கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, தூசி, ஈயம், அமோனியா, பென்சீன் என்று மொத்தம் 12 பொருள்கள் அதில் உண்டு.

அந்தப் பட்டியலை உழைப்பாளி மக்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்கு இருக்கும் நுண்தூசி இருக்கிறதே, அதுதான் நெஞ்சுக்கூட்டின் அடிவரை போய் ரத்தத்தில் கலப்பது. ஒரு கன மீட்டர் காற்றில் அது வருஷ சராசரியாக 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது நமது சர்க்காரின் அளவு. உலக சுகாதார ஸ்தாபனம் 2021ல் சொன்ன அளவு 5. அதாவது, உலக வைத்தியர்கள் பொறுக்கலாம் என்று சொன்னதைப் போல எட்டு மடங்கை நமது சர்க்கார் பொறுக்கலாம் என்கிறது. சராசரியாக இந்தியத் தொழிலாளியின் நுரையீரல் மற்றவர் நுரையீரலைவிட எட்டு மடங்கு கெட்டியானது என்று டில்லியில் யாரேனும் கண்டுபிடித்திருக்கிறார்களா?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த 12 பொருள்களில் குளோரின் இல்லை. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு இல்லை. மருந்து மூலப்பொருள் ஆலைகளிலும் சாய ஆலைகளிலும் எழும் கரைப்பான் ஆவிகளில் பென்சீன் தவிர மற்றவை இல்லை. ஆலையின் புகைக் குழாய்க்குத் தனியே வரம்புகள் உண்டு. ஊர்க் காற்றில் இவை எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு அந்தப் பட்டியலில் வரம்பு இல்லை. குழாய்க்குச் சட்டம் இருக்கிறது. குழந்தையின் மூச்சுக்கு இல்லை!

மரக்காணக் கரைக்கு இது தூரத்து விஷயமல்ல. நமது பாத்திகளில் விளையும் பொருள் உப்பு. உப்பைக் கரைத்து அதில் மின்சாரத்தைச் செலுத்தினால் காஸ்டிக் சோடா கிடைக்கும். கூடவே குளோரின் வாயு பிறக்கும். அத்தகைய ஆலை காலாப்பட்டில் இருக்கிறது. மருந்து மூலப்பொருள் ஆலையும் அங்கே இருக்கிறது. 2023 நவம்பர் 4 இரவு அந்த மருந்து ஆலையில் நடந்த வெடிவிபத்தில் பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் காயமடைந்தார்கள். சுற்றுக் கிராமத்து மக்கள் கொதித்தெழுந்து கடற்கரைச் சாலையை மறித்தார்கள். வடமேற்கே திண்டிவனத்தருகே சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்து வருகிறது. வேலை வாய்ப்பு வருவதை நாம் வரவேற்கிறோம். ஆலையோடு வரும் புகையை அளக்க அதே வேகத்தில் ஏற்பாடு வருகிறதா என்பதே நமது கேள்வி.

டில்லிக்கு ஒரு நியாயம்

காற்றுக்கு ராஜ்ய எல்லை கிடையாது என்பது சர்க்காருக்குத் தெரியாத விஷயமல்ல. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் எரியும் வைக்கோல் தாளின் புகை டில்லியில் மந்திரிகள் வீட்டு ஜன்னலில் நுழைந்தபோது, பார்லிமெண்ட் கூடி 2021ல் தனிச் சட்டமே செய்தது. டில்லி, ஹரியானா, பஞ்சாப், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய அத்தனை பிரதேசங்களுக்கும் உத்தரவிடும் அதிகாரத்தோடு ஒரு காற்றுத் தர மேலாண்மை ஆணையம் அமைக்கப்பட்டது. ராஜ்ய வாரியங்களின் உத்தரவும் ஆணையத்தின் உத்தரவும் மோதினால் ஆணையத்தின் உத்தரவே செல்லும் என்றும் எழுதி வைத்தார்கள்.

நல்ல காரியம்தான். ஆனால் தலைநகரத்து மூச்சுக்கு ஐந்து பிரதேசங்களை ஒரே மேஜையில் உட்கார வைக்க முடிந்தவர்களுக்கு, கீழ்புத்துப்பட்டின் மூச்சுக்கு இரண்டு பிரதேசங்களை உட்கார வைக்க முடியாதா? அதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. யூனியன் பிரதேசங்களில் ராஜ்ய வாரியத்தின் அதிகாரம் சட்டப்படி மத்திய வாரியத்திடமே இருக்கிறது; புதுவைக் குழுமம் அந்த அதிகாரத்தைப் பெற்றுத்தான் நடக்கிறது. ராஜ்ய வாரியங்களுக்கு உத்தரவிட மத்திய வாரியத்துக்கு 18வது பிரிவு அதிகாரம் தருகிறது. ஆக, இரண்டு பக்கத்துக் கடிவாளமும் ஒரே கையில் இருக்கிறது. இழுக்க மனமில்லை என்பதுதான் குறை.

2019ல் தேசிய தூய காற்றுத் திட்டம் என்று ஒன்று அறிவித்தார்கள். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. கிராமம் எதுவும் கிடையாது. கிராமத்துக் காற்று தானாகவே சுத்தமாயிருக்கும் என்பது நகரத்து மேஜையில் எழுந்த நினைப்பு. நெல் அரவை ஆலையின் உமிச் சாம்பல் விழும் தெருவில் குடியிருப்பவரையும், கரும்பாலைப் பக்கத்தில் துணி உலர்த்தும் பெண்ணையும், ஏரிக்கரையில் எரியும் குப்பையின் புகையில் நாற்று நடும் கூலியாளையும் கேட்டால் உண்மை தெரியும்.

புகை எந்தப் பக்கம் போகிறது?

180 வருஷங்களுக்கு முன் எங்கெல்ஸ் மான்செஸ்டர் நகரத்தைச் சுற்றிப் பார்த்தார். வருஷத்தில் பத்துப் பதினோரு மாதம் மேற்கு, தென்மேற்குக் காற்று ஆலைப் புகையை வடகிழக்குப் பக்கம் தள்ளுவதையும், அந்தப் பக்கத்தில் மட்டும் முதலாளிகள் வீடு கட்டாததையும், அங்கே தொழிலாளிகளே குடியிருப்பதையும் 1845ல் வெளிவந்த தமது புத்தகத்தில் குறித்தார்.

இன்று நமது கடற்கரையைப் பாருங்கள். எண்ணூரில் அனல் மின் நிலையங்களும் உர ஆலையும். கடலூரில் ரசாயனத் தொழிற்பேட்டை. தூத்துக்குடியில் 2018ல் மூடப்பட்ட தாமிர ஆலை. மரக்காணத்துக்கு வடக்கே செய்யூரில் 4,000 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் என்று திட்டம் போட்டார்கள், மீனவரும் விவசாயிகளும் விடாமல் எதிர்த்தார்கள், அது கட்டப்படவில்லை. எல்லா இடத்திலும் ஒரே கணக்கு: மீனவக் குப்பமும் உப்பளமும் சேரியும் எங்கே இருக்கின்றனவோ அங்கே புகைக் குழாய்.

கீழ்புத்துப்பட்டில் இன்னொரு பகுதி மக்களும் இருக்கிறார்கள். இலங்கையிலிருந்து யுத்தத்துக்குத் தப்பி வந்த தமிழர்களின் முகாம் அங்கே உண்டு. நெருக்கமான சிறு வீடுகளில் வாழும் அவர்களுக்கு ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாதவரின் புகாருக்கு எந்த அதிகாரி அவசரப்படுவார்? ஓட்டு இல்லாவிட்டாலும் அவர்களுக்கும் நுரையீரல் இரண்டுதான். அவர்கள் மூச்சையும் சேர்த்துக் காப்பது இந்த ஊர் உழைப்பாளிகளின் கடமை.

அளப்பவன் யார்?

அளந்து பார்க்காத வரை எல்லா ஆலையும் உத்தமமான ஆலைதான். கடலூர் சிப்காட் பகுதி மக்கள் இதை நன்றாகத் தெரிந்துகொண்டவர்கள். ஈச்சங்காடு, குடிகாடு, சங்கொலிக்குப்பம் போன்ற ஊர்களில் வருஷக்கணக்காக நாற்றத்தோடு வாழ்ந்தார்கள். புகார் சொன்னால் அதிகாரி மறுநாள் பகலில் ஜீப்பில் வருவார். அதற்குள் காற்று திரும்பியிருக்கும். "ஒன்றும் இல்லையே" என்று எழுதிவிட்டுப் போவார்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பகலில் வெயிலால் சூடேறிய காற்று மேலே எழும். புகையும் அதோடு மேலே போகும். இரவில் தரை குளிர்ந்ததும் மேலே ஒரு மூடி போட்டாற்போல் காற்று தங்கிவிடும். அப்போது திறந்துவிடும் வாயு மேலே போக வழியில்லாமல் தெருவோடு தவழும். நள்ளிரவில் நெடி அதிகமாயிருப்பதும் காலை பத்து மணிக்கு வரும் அதிகாரிக்கு மணக்காததும் இதனால்தான்.

கடலூர் மக்கள் என்ன செய்தார்கள்? 2004ல் தாங்களே அளக்கப் புறப்பட்டார்கள். மூடிபோட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி. உள்ளே ரசாயனம் ஒட்டாத ஒரு பை. வாளிக் காற்றை வெளியே இழுத்தால் பை ஊரின் காற்றை நிரப்பிக்கொள்ளும். அமெரிக்காவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் பக்கத்தில் குடியிருந்த மக்கள் 1990களில் கையாண்ட வழி அது. நெடி வந்த நிமிஷமே பிடித்த காற்றை அயல்நாட்டுச் சோதனைச்சாலைக்கு அனுப்பினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட ரசாயனங்கள் அதில் இருப்பது தெரிந்தது. புற்றுநோய் உண்டாக்கக் கூடியவையும் அவற்றில் இருந்தன. அதே வருஷம் உச்ச நீதிமன்றத்தின் அபாயக் கழிவுக் கண்காணிப்புக் குழு கடலூருக்கே வந்து பார்த்தது. பல வருஷப் புகார் அசைக்காததை ஒரு வாளி அசைத்தது. காரணம், வாளியிலிருந்து கிடைத்தது எண்.

சர்க்காரே அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு எண்ணூர் சாட்சி. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, கோரமண்டல் உர ஆலைக்குக் கடலடியில் அமோனியா கொண்டுவரும் குழாயிலிருந்து வாயு கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஆலை வாயிலருகே வாரியம் அளந்தபோது காற்றில் அமோனியா 2,090 மைக்ரோகிராம் இருந்தது; 24 மணி நேரச் சராசரிக்குச் சட்டத்தின் வரம்பு 400. எண் இருந்ததால் மறைக்க முடியவில்லை. வாரியம் ரூ.5.92 கோடி இழப்பீடு விதிக்க வேண்டியதாயிற்று. ஆனால் அளந்தது எப்போது? ஜனங்கள் மயங்கி விழுந்த பிறகு. முன்கூட்டியே ஓர் எச்சரிக்கை மணி அடிக்கவில்லை என்பதுதான் அந்த ராத்திரியின் பாடம்.

மிகவும் மாசுபடுத்தும் 17 வகை ஆலைகள் தங்கள் புகைக் குழாயில் தானியங்கி அளவு கருவி பொருத்த வேண்டும் என்று மத்திய வாரியம் 2014ல் உத்தரவிட்டது. காஸ்டிக் சோடா ஆலையும் மருந்து மூலப்பொருள் ஆலையும் அந்த 17ல் சேர்ந்தவை. கருவி காட்டும் எண் நிமிஷத்துக்கு நிமிஷம் வாரியத்துக்குப் போகிறது. அதே எண்ணை ஊராட்சி ஆபீஸ் சுவரில் ஒரு பலகையில் காட்டினால் என்ன குடி முழுகிவிடும்?

சட்டத்தின் பல்லைப் பிடுங்கினார்கள்

இசைவாணை இல்லாமல் ஆலை நடத்தினாலும், வரம்பு மீறிப் புகை விட்டாலும், ஒன்றரை வருஷத்துக்குக் குறையாமல் ஆறு வருஷம் வரை ஜெயில் என்று காற்றுச் சட்டத்தின் 37வது பிரிவு சொல்லி வந்தது. முதலாளிகள் ஜெயிலுக்குப் போன காட்சியை நாடு அதிகம் கண்டதில்லை. இருந்தாலும் சட்டத்தில் அந்த வரி இருந்தது. அதைக் காட்டிப் பேச முடிந்தது.

2023ல் ஜன விஸ்வாஸ் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஜனங்களின் நம்பிக்கை என்று பெயர். 2024 ஏப்ரல் 1 முதல் அந்தக் குற்றத்துக்கு ஜெயில் போயிற்று, ரூ.10,000 முதல் ரூ.15 லட்சம் வரை அபராதம் மட்டுமே மிஞ்சியது. விதிப்பவரும் நீதிபதியல்ல, மத்திய சர்க்கார் நியமிக்கும் அதிகாரி. கட்டத் தவறினால்தான் ஜெயில் பேச்சே வரும். கோடிக்கணக்கில் விற்றுமுதல் காணும் கம்பெனிக்கு ரூ.15 லட்சம் என்ன? புகை வடிகட்டியை இரவில் ஓட்டாமல் நிறுத்தி மிச்சம் பிடிக்கும் மின்சாரச் செலவோடு அதையும் ஒரு செலவாக எழுதிக்கொள்வார்கள்.

பக்கத்தில் இன்னொரு கணக்கையும் வைத்துப் பாருங்கள். திறந்தவெளியில் குப்பை எரித்தால் தனி ஆளுக்கு ரூ.5,000 அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016ல் உத்தரவிட்டது. குப்பை எரிப்பது தவறுதான்; பிளாஸ்டிக் எரியும் புகை விஷம்தான்; அதை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் குப்பை வண்டியே வராத தெருவில் சருகு கொளுத்தும் கிழவிக்கு ரூ.5,000, ஊரையே இருமவைக்கும் கம்பெனிக்கு ஆரம்ப அபராதம் ரூ.10,000. இந்தத் தராசைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று விளக்கிச் சொல்ல வேண்டுமா?

வேலையா, மூச்சா?

காற்றைப் பற்றி ஊரார் பேசத் தொடங்கியதும் நிர்வாகம் தொழிலாளியிடம் போய்ச் சொல்வது ஒன்றே: "ஊர்க்காரர்கள் ஆலையை மூடப் பார்க்கிறார்கள், உன் வேலை போய்விடும்." ஆலைக்குள் இருப்பவனையும் வேலிக்கு வெளியே இருப்பவனையும் மோதவிடும் பழைய தந்திரம் இது. இதில் தொழிலாளித் தோழர்கள் சிக்கக் கூடாது.

ஊருக்கு வரும் விஷம் முதலில் தொழிலாளியின் நெஞ்சைக் கடந்துதான் வருகிறது. பஞ்சாலைத் தொழிலாளிக்கு இது தெரியும். பஞ்சுத் தூசி வருஷக்கணக்காக நெஞ்சில் படிந்தால் மூச்சிறைப்பு நோய் வரும். வார விடுமுறைக்குப் பின் வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகுவது அதன் முதல் அடையாளம். இதைத் தொழில் நோய் என்று சட்டமே ஒப்புக்கொண்டு நஷ்டஈட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் டாக்டர் சீட்டில் ஆஸ்த்மா என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினால், நஷ்டஈடும் அந்தச் சீட்டோடு போய்விடும். காலாப்பட்டில் 2023ல் காயம்பட்டவர்கள் யார்? ஆலைக்குள் வேலை செய்த தொழிலாளிகள்தான். போபாலில் 1984 டிசம்பர் 2 நள்ளிரவுக்கு முன்பே ஆலைக்குள் தொழிலாளிகள் விஷவாயு விபத்துகளைக் கண்டு, தங்கள் சங்கத்தின் மூலம் எச்சரித்திருந்தார்கள். யூனியன் கார்பைடு நிர்வாகம் கேட்கவில்லை. அன்று இரவு ஆலை வாயிலுக்கு எதிரே இருந்த ஏழைகளின் குடிசைகள் பிணக்காடாயின. வேலிக்கு உள்ளே சொன்ன எச்சரிக்கையை வேலிக்கு வெளியே உள்ளவர்களும் சேர்ந்து சொல்லியிருந்தால்?

போபாலுக்குப் பிறகு 1987ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அபாயகரமான பொருள் எது, அதன் கெடுதல் என்ன என்று தொழிலாளிக்கும் சுற்று வட்டாரத்துக்கும் நிர்வாகம் சொல்ல வேண்டும் என்று எழுதினார்கள். 2025 நவம்பரில் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபோது, மின்விசை கொண்டு நடக்கும் இடம் தொழிற்சாலை எனப்படுவதற்கான ஆள் எண்ணிக்கையை 10லிருந்து 20 ஆக உயர்த்திவிட்டார்கள். பதினைந்து பேர் வேலை பார்க்கும் சிறு ஆலை தொழிற்சாலைக் கணக்கிலேயே வராது. புகை மட்டும் வரும்.

சட்டம் தானாக வந்ததில்லை. தானாக நிலைப்பதும் இல்லை. 1936 ஜூலை 30 அன்று புதுவைப் பஞ்சாலைத் தொழிலாளிகள் 12 பேரைப் பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் போலீஸ் சுட்டுக் கொன்றது. தோழர் வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்தின் பின்னரே அங்கே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. தூத்துக்குடியில் தாமிர ஆலைப் புகையை எதிர்த்து நூறு நாள் போராடிய மக்கள்மீது 2018 மே 22 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 உயிர்கள் போயின. ஆறு நாள் கழித்து ஆலையை மூட உத்தரவு வந்தது. கம்பெனியின் மனுவை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 29ல் தள்ளுபடி செய்தது. ஆனால் அந்த ஆலையில் கூலிக்கு உழைத்தவர்களுக்கு மாற்று வேலைக்கு யார் பொறுப்பேற்றார்கள்? விதியை முதல் நாளிலிருந்தே அமல் நடத்தியிருந்தால் உயிரும் போயிருக்காது, வேலையும் போயிருக்காது. ஆகவேதான் சொல்கிறோம்: காற்று விதி ஆலைக்குப் பகையல்ல. விதியை மீறும் நிர்வாகமே ஆலைக்கும் தொழிலாளிக்கும் பகை.

இன்றே செய்யக் கூடியவை

சர்க்கார் அசையும்வரை நாம் கை கட்டி நிற்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு தெருவிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கலாம். நெடி வந்த தேதி, மணி, காற்று வந்த திசை, நெடி எதைப் போலிருந்தது, யாருக்கு என்ன செய்தது என்று எழுத வேண்டும். காற்றின் திசை சொல்ல மீனவரையும் உப்பளத் தொழிலாளியையும்விடக் கெட்டிக்காரர் யார்? மூன்று மாதத்துக் குறிப்பு கையில் இருந்தால், "ஒன்றும் இல்லையே" என்று எந்த அதிகாரியும் எழுத முடியாது. புகாரை எழுத்தில், இரண்டு பக்கத்து வாரியத்துக்கும், விழுப்புரம் கலெக்டருக்கும் ஒரே நாளில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். இசைவாணையின் நிபந்தனைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். மாசு பற்றிய புகாருக்கு நடவடிக்கை வராவிட்டால் சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. மே தினத்தில் கிராம சபை கூடுகிறது. உழைப்பாளிகளின் நாளில் உழைப்பாளிகளின் மூச்சைப் பற்றித் தீர்மானம் போடுவதைவிடப் பொருத்தம் வேறென்ன?

வாயு கசிந்தால் காற்று போகும் திசையிலேயே ஓடக் கூடாது. வாயு கூடவே துரத்தும். காற்றுக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும். ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். குளோரின் காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். வாய்க்காலிலும் பாத்திக் குழியிலும் பதுங்காமல் மேட்டுக்குப் போக வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

நமது கோரிக்கைகள்

1. மத்திய வாரியத்தின் மேற்பார்வையில் தமிழ்நாடு, புதுவை இரண்டுக்கும் எல்லைக் கிராமங்களுக்கான கூட்டுக் கண்காணிப்புக் குழு வேண்டும். அதில் கிராமத்தாரும் தொழிற்சங்கமும் இடம்பெற வேண்டும். எந்தப் பக்கம் கொடுத்த புகாரும் இரண்டு பக்கத்தையும் கட்ட வேண்டும்.

2. கீழ்புத்துப்பட்டு எல்லையில் இரவு பகலாக இயங்கும் காற்று அளவு நிலையம் வேண்டும். குளோரின், அமோனியா, ஹைட்ரஜன் சல்பைடு, கரைப்பான் ஆவிகள் ஆகியவற்றையும் அது அளக்க வேண்டும்.

3. அந்த எண்ணும், ஆலைப் புகைக் குழாய்களின் கருவி காட்டும் எண்ணும், சட்ட வரம்போடு சேர்த்துத் தமிழில் ஊராட்சிப் பலகையில் தெரிய வேண்டும்.

4. அபாய ரசாயனம் குறித்த 1989ம் வருஷ விதிகள் ஆலைக்கு வெளியே உள்ள ஜனங்களுக்கும் அவசரகாலத் திட்டம் வேண்டும் என்கின்றன. அந்தத் திட்டம் எல்லையோடு நிற்காமல் இந்தப் பக்கத்துக் கிராமங்களையும் சேர்க்க வேண்டும். உப்பளம், பள்ளிக்கூடம், மீனவக் குப்பம், இலங்கைத் தமிழர் முகாம் எல்லாவற்றுக்கும் கேட்கும் அபாயச் சங்கு வேண்டும். வருஷத்துக்கு இரண்டு முறை ஒத்திகை வேண்டும்.

5. ஆபத்தை எச்சரிக்கும் தொழிலாளியைப் பழிவாங்கக் கூடாது. ஆலைத் தொழிலாளர்க்கும் சுற்றுக் கிராமத்தார்க்கும் வருஷந்தோறும் நுரையீரல் பரிசோதனை, ஆலையின் செலவில், சர்க்கார் ஆஸ்பத்திரியில் நடக்க வேண்டும்.

6. ஜன விஸ்வாஸ் சட்டம் பறித்த தண்டனைப் பிரிவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். விதிக்கும் இழப்பீடு சர்க்கார் கஜானாவில் தூங்காமல், பாதிக்கப்பட்டவரின் வைத்தியத்துக்கும் இழந்த கூலிக்கும் போக வேண்டும்.

இவற்றில் எது நடக்க முடியாத காரியம்? டில்லிக்கு நடந்தது இங்கே நடக்கக் கூடாதா?

உப்பளத் தொழிலாளி மேலே கூரையில்லாமல் உழைக்கிறான். விவசாயத் தொழிலாளிப் பெண் குனிந்த தலை நிமிராமல் வெட்டவெளியில் உழைக்கிறாள். கதவைச் சாத்திக் காற்றை வடிகட்டும் மெஷினைப் போட்டுக்கொள்ள அவர்களுக்கு வழியில்லை. அவர்களுக்கு இருக்கும் கவசம் சங்கம் ஒன்றுதான். கனகசெட்டிக்குளமும் காலாப்பட்டும் கீழ்புத்துப்பட்டும் மரக்காணமும் ஒரே காற்றைச் சுவாசிக்கின்றன. ஒரே மகஜரில் கையெழுத்துப் போட வேண்டும். ஆலைத் தொழிலாளியும் உப்பளத் தொழிலாளியும் மீனவரும் விவசாயத் தொழிலாளியும் எல்லையின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒன்றாகப் புறப்பட வேண்டும். தமிழ்நாடு சர்க்காரும் புதுவை சர்க்காரும் இனியும் ஒருவரை ஒருவர் கை காட்டிக்கொண்டிருக்க நாம் அனுமதிக்கக் கூடாது.